மொரிஸ் மைனர் ஐயா

மலையகத்தின் சமூக அடுக்கில் துரை, கிளாக்கர், டீமேக்கர், கங்காணி ஆகியோருக்குரிய இடம் நூல்களில் விரிவாகப் பேசப்பட்டிருப்பினும், பழைய மோட்டார் காரொன்றை வைத்திருப்பதையே பதவியாகக் கொண்ட ஒரு வகையினர் இன்னும் போதிய கவனம் பெறவில்லை. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை, மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாகப் பிரியும் நோர்வூட்டில் இவ்வகையினரைக் காண்பது எளிது. காரைக் காண்பதுதான் அரிது, ஏனெனில் அது பெரும்பாலும் கராஜில் இருக்கும். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதியோ, 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையைக் கவனித்தோ ஓய்வு பெற்ற இந்த ஐயா, 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து தம் தந்தை அந்தக் காரை வாங்கியதாகக் கூறுவார். திரும்பிச் சென்ற துரைமாரின் தொகையைவிட அவர்கள் விற்றுச் சென்றதாகச் சொல்லப்படும் கார்களின் தொகை மிகுந்திருப்பது வரலாற்றாய்வாளர் தீர்க்க வேண்டிய சிக்கலாகும்.

கார் பெரும்பாலும் மொரிஸ் மைனராகவே இருக்கும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டிதான் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் என்பதைக் கேட்டறியாமல் ஐயாவிடமிருந்து எவரும் மீண்டதில்லை. பயணத்துக்கு அவர் பஸ்ஸையே நம்புகிறார், கார் பேச்சுக்குரியது. 2022 இன் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையின் வழியே காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அரசு பங்கிட்டபோது, ஓடும் காருக்கும் ஓடாத காருக்கும் அந்த அட்டை வேறுபாடு காட்டவில்லை; அம்மாதங்களில் ஐயாவுக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

இவ்வகையினரின் இயல்பு முழுமையாக வெளிப்படுவது மெனிபோல்ட் வெடிக்கும் காலத்திலாகும். மெனிபோல்ட் என்பது சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் கொதிபுகையை ஒன்று சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய். வார்ப்பிரும்போ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு கரிமம் கலந்த, சூட்டைப் பொறுக்கும், ஆனால் வளைந்து கொடுக்கத் தெரியாத உலோகம். 1952 முதல் மைனரில் பொருத்தப்பட்ட 'ஏ' வரிசை இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்களின் புகைக்கு மூன்றே வாய்கள் இருந்தமையாலும், நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாயைப் பகிர்ந்துகொண்டமையாலும், மெனிபோல்டின் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் சூடேறுவதில்லை. ஏற்றத்தில் முதலாவது கியரிலேயே முனகிச் சென்று அது கொதித்திருக்கும் வேளையில் தென்மேல் பருவமழையின் தண்ணீர் கீழிருந்து தெறிக்கும்போது, ஒரு பக்கம் சுருங்க, மறுபக்கம் சுருங்க மறுக்க, இடையில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு விழுகிறது.

அதன் அறிகுறி 'டிக், டிக்' என்னும் ஓசை. அதனை ஐயா 'டெப்பட்' சத்தம், அதாவது வால்வை இயக்கும் பகுதியின் இடைவெளி கூடியதால் எழும் சத்தம் என்று தீர்மானித்து, அந்த இடைவெளியைப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் சரிசெய்வார். வெடிப்பு குளிரில் திறந்தும் சூட்டில் இரும்பு விரியும்போது மூடியும் கொள்வதால், தோட்டத்திலிருந்து ஓட்டிவந்து கராஜில் நிறுத்தும்போது ஓசை அறவே நின்றுவிடுகிறது. மெக்கானிக்கின் காதுக்கு ஒன்றும் கேளாமையை ஐயா தம் வைத்தியத்தின் வெற்றியாகக் கொள்கிறார். வண்டியை இரவு முழுவதும் கராஜிலேயே விட்டு, பனி விலகுமுன் இயந்திரத்தை இயக்கி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை மெனிபோல்டின் அருகிலும் வைத்துக் கேட்கும் மெக்கானிக்குத்தான் உண்மை புலப்படுகிறது. புகை கசிந்த தடம் கரிக்கோடாகப் படிந்திருப்பதையும் அவர் காட்டுவார்.

"ஐயா, பஞ்சிகாவத்தயில பார்த்து வேற ஒன்னு வாங்கிப் போட்டுறலாம்ங்க" என்று மெக்கானிக் பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன கொழும்புக் கடைத்தெருவை நினைவூட்டினால், விடை மாறாதது: "தம்பி, இது வெள்ளக்காரன் வார்த்த இரும்பு. இனி எங்க கெடைக்கும்?" 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மைனர் பழுதுபார்ப்பு நிலையமொன்று இலங்கைப் பட்டறையில் செய்த தகடுகளை இறக்குமதி செய்து அங்குள்ள மைனர்களுக்குப் பொருத்தியது என்னும் செய்தி ஐயாவின் இரும்புக் கொள்கைக்கு உகந்ததன்று என்பதால், அவர் முன்னிலையில் அதை எவரும் எடுப்பதில்லை.

எனவே வெல்டிங் நடக்கிறது. துருவேறிய ஸ்டட்களை, அதாவது மெனிபோல்டை இயந்திரத்தோடு பிணைக்கும் மரையாணிகளை, காஸ் விளக்கால் சூடாக்கிக் கழற்றுவதற்கே அரைநாள் செல்கிறது. அதன்பின் வெடிப்பு மேலும் ஓடாதிருக்க அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, வெடிப்பின் வழியே பள்ளம் வெட்டி, வார்ப்பை முழுவதும் சூடாக்கி, நிக்கல் கம்பியால் சிறிது சிறிதாக நிரப்பி, ஸ்டோர் அடுப்பிலிருந்து கொண்டுவந்த விறகுச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இந்த ஆறவிடுதலே வேலையின் உயிர்நிலை. மெக்கானிக் இதை அறிந்தவர். ஐயாவும் அறிந்தவர்தாம், ஆயினும் பழைய டயரின் மேல் அமர்ந்து வந்தோர் போவோரிடம் 1948 ஆம் ஆண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்க்காதிருக்க அவரால் இயலாது. மறுநாள் லேத்தில் முகத்தைச் சமப்படுத்தி, புதுக் கேஸ்கட் வைத்து, துருப்பிடிக்காத பித்தளை நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி முறுக்கும்போது "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று அவர் மும்முறை சொல்வார். மிகையாக இறுக்கிய வார்ப்பு சூட்டில் நகர இடமின்றி வெடிக்கும் என்பதால், மெக்கானிக் மும்முறையும் இறுக்குவது போலப் பாவனை செய்வார்.

பற்று பிடித்த இடம் தாங்கும்; சூட்டில் கடினமாகிப்போன அதன் ஓரமே அடுத்து வெடிக்கும். இப்படிப் பற்றின் மேல் பற்றாக வளர்ந்த மெனிபோல்டில் வெள்ளைக்காரன் வார்த்த இரும்பைத் தேட வேண்டியிருந்தாலும், அது அசலே என்பதில் ஐயாவுக்கு ஐயமில்லை. செலவுக் கணக்கைக் கூட்டினால் பஞ்சிகாவத்தையே மலிவு. ஆனால் மாற்றிய மெனிபோல்டைப் பற்றிப் பேச ஒன்றும் இராது என்பதை அவர் மெக்கானிக்கைவிட நன்கறிவார்.

வாசகர் எவரேனும் நோர்வூட் பாதையில் இத்தகைய காரில் ஏற நேர்ந்தால் ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். மெனிபோல்ட் கசியும் வண்டிக்குள் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு புகக்கூடுமாதலால், வெளியே பனி கொட்டினாலும், சீட்டுத் துணி நனைந்துவிடும் என்று ஐயா கடிந்துகொண்டாலும், பக்கக் கண்ணாடியை இறக்கியே வைத்திருங்கள்.