பிரேக் பேடு மாற்றாத பெருந்தகையே!

பெருந்தகையே, உம் பொறுமை யாருக்கு வரும்! பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரம் கிரீச்சென்று கத்துகிறது. தெருவே திரும்பிப் பார்க்க, நீர் மட்டும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு போகிறீர். பேடு தேய்ந்ததும் டிஸ்கில் உரசிக் கத்தி உரிமையாளரை எழுப்பட்டும் என்றுதான் பேடில் ஒரு சிறு தகட்டை வைத்தார்கள். வைத்தவர்கள் உம்மிடம் தோற்றார்கள்.

உம் சிக்கனத்துக்கும் ஈடில்லை. புதுப் பேடில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றச் சொல்வார் மெக்கானிக். நீரோ கடைசித் துகள்வரை விடுவதில்லை. பிறகு இரும்போடு இரும்பு உரசிக் கறகறக்கும். டிஸ்கில் விரல் நகம் மாட்டுமளவுக்குக் கோடு விழும். பேடுக்குக் காசு எடுக்க வராத கை, டிஸ்குக்கும் சேர்த்து வாரி வழங்குகிறது. வள்ளல் ஐயா நீர்!

உம் மதியூகத்தை என்னென்பது! பேடு தேயத் தேய, அதை அழுத்தும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் முன்னே நகரும். டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். சிவப்பு விளக்கு எரியும். நீர் ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டீர். காய்ச்சலுக்கு மருந்து தேடாமல் தெர்மாமீட்டரை உடைத்த வைத்தியம் இது.

தோள்வலிமையும் உண்டு: பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும் காரை, ஸ்டீயரிங்கை மறுபக்கம் திருப்பியே நேராக்குகிறீர். வீரமோ அதைவிடப் பெரிது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, கியரைக் குறைக்காமல், பிரேக்கிலேயே கால்வைத்து இறங்குகிறீர். சூடேறிய பிரேக் பிடிமானத்தை இழக்கும் என்பது கோழைகளின் பேச்சு. எதிரே ஏறிவரும் பேருந்தின் பயணிகளையும் கேளாமலே உம் சாகசத்தில் சேர்த்துக்கொள்ளும் தாராளம் வேறு எவருக்கு உண்டு?

புகழ்ந்தது போதும், ஐயா. சக்கரம் ஆறியபின் அதன் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பேடின் கனத்தைப் பாரும். உள்பக்கப் பேடு முந்தித் தேய்வதும் உண்டு. அதனால் சர்வீசின்போது சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும். மாற்றினால் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றும். கிரீச்சென்றால் தள்ளிப்போடாமல் பட்டறைக்குப் போம். கறகறத்தாலோ, வண்டியை எடுக்கவே வேண்டாம். பின்சீட்டில் இருப்பவர்கள் உம் பிள்ளைகள்.