பத்தாம் வகுப்போடு தீரும் பசி

சத்துணவுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகள் சமூகத்திற்கு,

மனித உடலைப் பற்றி நீங்கள் கண்டறிந்த உண்மை ஒன்றுக்கு இன்னும் யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளுக்கு மத்தியானப் பசி எடுப்பதில்லை!

எம்.ஜி.ஆர். 1982இல் சிறுபிள்ளைகளுக்குத் தொடங்கிய திட்டம், 1984இல் 15 வயது வரை நீண்டது. டெல்லி எட்டாம் வகுப்போடு கையைக் கழுவிக்கொள்ள, நீங்கள் பத்து வரை போடுகிறீர்கள். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் ஏணி நின்றுவிட்டது.

ஊர்ப்புற மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு மதியம் வந்து பாருங்கள். தம்பி தட்டோடு வரிசையில் நிற்கிறான். வெஜிடபிள் பிரியாணி, மிளகு முட்டை. அதே வளாகத்து வேப்பமரத்தடியில் பிளஸ் ஒன் அக்கா டப்பாவைத் திறக்கிறாள். முதல் பஸ்ஸுக்கு ஓடுமுன் அம்மா கிளறிக் கொடுத்த புளிச்சோறு, உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஊறுகாய். பெண்கள் ஒரு நாளில் எத்தனை வகை உண்கிறார்கள் என்று பார்க்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பத்துப் பிரிவு வைத்திருக்கிறது. ஐந்து பிரிவாவது தேற வேண்டும். அதில் சோறும் உருளைக்கிழங்கும் ஒரே பிரிவு. ஊறுகாய்க்கு மதிப்பெண்ணே கிடையாது. கணக்கில் நூறு வாங்குகிற பிள்ளை டப்பாவில் ஒன்று வாங்கியிருக்கிறாள். ராத்திரி சாம்பாரில் பருப்பு தட்டுப்பட்டால் இரண்டு.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அரசுக்கு இது தெரியாமலில்லை. வாராவாரம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பிளஸ் டூ வரை போய்ச் சேர்கிறது. ஆக, மாத்திரைக்கு மாடி வகுப்பு தெரிகிறது, முட்டைக்குத்தான் வழி தெரியவில்லை. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகே விழுங்க வேண்டுமாம். எதைச் சாப்பிட்ட பிறகு?

திட்டத்தை இரண்டு வகுப்பு நீட்டுங்கள். முடியாதென்றால், மேல்நிலை மாணவர் வயிறு பள்ளி நேரத்தில் கூவக்கூடாது என்று சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். கோப்பு நகரும்வரை ஒரு சலுகை: தம்பி பாதி முட்டையை அக்கா டப்பாவில் வைத்தால், பயனாளிப் பதிவேட்டில் பெயரில்லாதவர் உண்டதாக சத்துணவு அமைப்பாளருக்கு மெமோ கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பைத் தாண்டியும் பசிக்கும் ஒருவன்