கிராம் கணக்குத் தம்பி

சாயங்கால நெரிசலில் மும்பை தாதர் ஸ்டேஷன் பக்கம் போனால் அவனைப் பார்க்கலாம். முதுகில் பை, பைக்குப் பக்கத்தில் செருகிய ஷேக்கர் பாட்டில், சட்டைக் கையை ஒரு மடிப்பு கூடுதலாக மடித்திருப்பான். வீடு தாராவியிலோ மாட்டுங்காவிலோ இருக்கும். படிப்பு ரூயா கல்லூரியிலோ வி.ஜே.டி.ஐ.யிலோ. எடை 58 கிலோ. பேச்சில் மட்டும் 85.

எதைக் காட்டினாலும் அதில் எத்தனை கிராம் புரதம் என்று சொல்வான். முட்டையா, ஆறு. இட்லியா, அவன் உதட்டைப் பிதுக்குவதிலேயே விடை தெரிந்துவிடும். அம்மா வார்த்த தோசையை வெறும் கார்ப்ஸ் என்று தள்ளிவிட்டு வந்தவன், இங்கே வடா பாவ் வண்டிமுன் நிற்கிறான். 1966இல் அசோக் வைத்யா என்பவர் இந்த ஸ்டேஷன் வாசலில்தான் வடையைப் பாவுக்குள் வைத்து விற்கத் தொடங்கினார் என்பார்கள். அன்று முதல் இந்த வழியாகப் போகும் மாணவர்களின் வைராக்கியம் எண்ணெயில்தான் பொரிகிறது.

"என்னப்பா, நீயுமா?"

"இன்னிக்கு சீட் டே அங்கிள்."

"நேத்தும் இங்கதானே நின்னே?"

"நேத்து லெக் டே. கார்ப்ஸ் இல்லேன்னா மசில் கரைஞ்சிடும்."

சொல்லிக்கொண்டே இரண்டாவதற்குப் பச்சைமிளகாய் கேட்கிறான்.

மாட்டுங்காவில் 1942 முதல் நடக்கும் ராமா நாயக் கடைக்கு அவனோடு போய்ப் பாருங்கள். வாழையிலை போட்டு, கேட்கக் கேட்கப் பரிமாறுகிற இடம். சோற்றுக்குக் கைநீட்டி மறுப்பான். பூரியை எண்ண மாட்டான். சாம்பாரில் கரண்டியை அடிவரை விட்டு ஊற்றச் சொல்வான், பருப்பு அங்கேதான் தங்கியிருக்கிறதாம். இந்த ஒரு விஷயத்தில் பையன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்கு. இவனுக்கு 48 கிராம் வருகிறது. "அதெல்லாம் சாதாரண ஜனங்களுக்கு" என்கிறான். தசைக்காகப் புரதப் பொடி வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் எழுதியதைக் காட்டினால், "அவங்க ஜிம் போறாங்களா?" என்று கேட்கிறான். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாலைத் திரித்து வடிகட்டினால் நிற்கும் தண்ணீர்தான் வே, அந்தப் பொடியின் மூலப்பொருள். அதைச் செறிவாக்கி உலர்த்தி டப்பாவில் அடைத்தால் ஆயிரக்கணக்கில் விலை. வீட்டில் பனீர் செய்யும்போது அவன் அம்மா அதே தண்ணீரைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். இவன் பக்கத்து அறையில், அப்பாவிடம் பொடிக்குப் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இவ்வளவுக்கும் காலையில் அவள் கொடுத்தனுப்பியது கொண்டைக்கடலைச் சுண்டல். அது எங்கே போயிற்று என்று நண்பர்களைக் கேட்டேன். காலேஜ் போய்ச் சேருமுன்பே தாங்களே காலி செய்துவிட்டார்களாம். எல்லாரும் நன்றாகத்தான் தேறியிருக்கிறார்கள்.

தாய்மார்களே, நாளை முதல் இரண்டு டப்பா வையுங்கள்.