குரல்வளையை நெரி, பில்லைக் கட்டு

டிசம்பர் 14, தேசிய எரிசக்தி சேமிப்பு தினம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துவோம். பரிசு கொடுக்க வரும் ஆலை அதிபர், "அறையை விட்டுப் போகும்போது ஃபேனை அணையுங்கள்" என்று உபதேசிப்பார். கை தட்டுவோம். அதே நேரத்தில் அவருடைய ஆலையில் ஒரு 200 கிலோவாட் பம்ப், பாதி மூடிய வால்வில் முட்டி மோதி உறுமிக்கொண்டிருக்கும். அதை அணைக்கச் சொல்ல ஆளில்லை.

இவ்வளவு பெரிய பம்ப் எதற்கு? பயத்துக்கு. டிசைன் செய்தவர் பாதுகாப்புக்குப் பத்து சதவீதம் கூட்டினார். ஆலோசகர் தன் பங்குக்குப் பத்து. மேலதிகாரி, எதிர்கால விரிவாக்கம் என்று பத்து. விற்க வந்தவர் மட்டும் குறைப்பாரா? அவரும் பத்து. நாலு பத்து நாற்பது இல்லை ஐயா, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நாற்பத்தாறு. விரிவாக்கம் வரவில்லை. பம்ப் வந்துவிட்டது.

தண்ணீர் அதிகமாக வருகிறது. என்ன செய்யலாம்? வால்வைத் திருகு! மாட்டைச் சாட்டையால் விளாசிக்கொண்டே மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கும் புத்திசாலித்தனம் இது. நீர் குறையும். மின்சாரம் பேருக்குக் குறையும். மிச்சமெல்லாம் வால்வுக்குள் சத்தமாகவும் சூடாகவும் செத்துப்போகும்.

விரயம் 60 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்புகள் 6,600-ஐ ராப்பகலாக எரியவிட்டதற்குச் சமம். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 4.8 லட்சம் யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்றாலும் 33 லட்சத்துக்கு மேல். நீங்கள் ஃபேனை அணையுங்கள்.

மாற்று வழி ராணுவ ரகசியமா? டிப்ளமோ பாடத்திலேயே இருக்கிறது. வேகம் குறைந்தால் நீர் அதே விகிதத்தில் குறையும். மின்தேவையோ மும்மடியில் விழும். குழாய் உராய்வுதான் முக்கியச் சுமை என்றால், வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 51 சதவீதம் போதும். அந்த வேலையைச் செய்வது வி.எஃப்.டி. என்ற டிரைவ்.

உடனே எல்லாவற்றுக்கும் டிரைவ் மாட்ட ஒரு கூட்டம் கிளம்பும். தேவை நேரத்துக்கு நேரம் மாறினால் டிரைவ் சரி. ஆண்டு முழுக்க ஒரே அளவு போதுமென்றால் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்கினால் முடிந்தது. உயரத் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் வேகத்தைக் குறைத்தால் மிச்சம் சுருங்கும். ஓர் எல்லைக்குக் கீழே தண்ணீர் மேலேயே ஏறாது. அங்கே சின்னச் சின்னப் பம்புகளைத் தேவைக்கேற்ப ஓட்டுவதே புத்தி. ஆனால் இம்பெல்லர் கடைவதற்கு ரிப்பன் வெட்ட முடியாதே! டிரைவ் வாங்கினால் புகைப்படம் உண்டு. திறப்பு விழா முடிந்ததும் அதை 50 ஹெர்ட்ஸில், அதாவது முழு வேகத்திலேயே, ஓடவிட்டு, பழைய வால்வையே திருகிக்கொண்டிருக்கும் மேதைகளும் உண்டு.

சட்டமில்லையா? 2001-லேயே எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002-ல் அதற்கென ஒரு பணியகம் வந்தது. சான்றிதழ் பெற்ற தணிக்கையாளர்கள் வந்தார்கள். அறிக்கைகள் வந்தன. அழகான பைண்டிங். பீரோவில் இருக்கின்றன.

காரணம் எளிது. வாங்குவது ஒரு துறை, பில் கட்டுவது இன்னொரு துறை. டெண்டரில் குறைந்த விலை கேட்டவன் எல்-1, அவனே மாப்பிள்ளை. பம்பின் ஆயுள் முழுக்க அது தின்னப்போகும் மின்சாரத்துக்கு முன்னால் அதன் விலை சில்லறைக் காசு. அந்தக் கணக்குக்கு டெண்டர் படிவத்தில் கட்டமே இல்லை. தனியார் ஆலையில் அந்தப் பில் சரக்கின் விலையில் ஏறும். குடிநீர் வாரியத்தில் வரியில் ஏறும். இரண்டும் இறங்குவது நம் தலையில்.

அடுத்த டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனை சேருங்கள்: பம்பைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டவரின் சம்பளத்தில் முதலாண்டு விரயம் பிடிக்கப்படும். மும்மடி விதி மறுநாள் காலையிலேயே எல்லோருக்கும் புரிந்துவிடும்.