சிங்கப்பூர் பக்கம், மீனம்பாக்கம் தூரம்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். வண்டலூர் பூங்கா வாசலிலிருந்து மீனம்பாக்கம் 15, 16 இருக்கும். இதில் எது தூரம் என்று எங்கள் வீட்டில் கேட்டால் சட்டென்று பதில் வராது.

சித்தப்பா முதன்முதலில் போனது எம்.வி. சிதம்பரம் கப்பலில். நாகப்பட்டினம், பினாங்கு என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு வாரம். 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் காலம் முடிந்தது. அதற்கு முன்பே அவர் விமானத்துக்கு மாறியிருந்தார்.

அவரை வழியனுப்ப வீடே கிளம்பும். நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, துணியில் சுற்றிய ஊறுகாய் பாட்டில், இடுப்பில் ஒரு குழந்தை. ஜி.எஸ்.டி. சாலையில் கை காட்டினால் பஸ் நிற்கும். பெருங்களத்தூரில் ஏறவும் ஆளிருக்காது, இறங்கவும் ஆளிருக்காது. ஒரு தூக்கம் போடுவதற்குள் மீனம்பாக்கம் வந்துவிடும்.

பாட்டிக்குப் புரியாதது கடிகாரம்தான். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தது. அதுவரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி வித்தியாசம்; அன்றிலிருந்து இரண்டரை. இரவு 11 மணிக்கு இங்கே ஏறினால் அங்கே விடிகாலை 5.30. அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே 9.30. “போறதுக்கு ஆறரை மணி, வர்றதுக்கு ஒன்றரை மணியா?” என்று கேட்டுவிட்டு, பாட்டியே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: “வீட்டுக்கு வர்றதுன்னா பிளேனும் வேகமாத்தாண்டா வரும்.” கோடாலித் தைலம் வரும் அவசரம் அவளுக்கு.

உண்மையில் போக வர இரண்டுக்குமே நாலு மணி நேரம்தான், கொஞ்சம் முன்னே பின்னே. அன்றைய போயிங் 707 மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிப் பறந்தது. இன்றைய விமானமும் அதற்கு மேல் பறப்பதில்லை, எரிபொருள் கணக்கு பார்த்துச் சற்றுக் குறைவாகவே பறக்கிறது. அரை நூற்றாண்டில் வானத்தில் நாம் மிச்சம் பிடித்த நேரம் பூஜ்யம்.

தரையில் என்ன ஆயிற்று? 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்தது. தென்மாவட்டமே எங்கள் வாசலில் இறங்குகிறது. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். அந்த மூன்று மணிக்கு இரண்டு மணி முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்கிறது அனுபவம். பெருங்களத்தூரில் காருக்குள் உட்கார்ந்து, ஓட்டுநரின் செல்போன் மேப்பில் சிவப்புக் கோடு நீளுவதைப் பார்ப்போம். பிறகு தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம். கடைசியில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் பேண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தோன்றும், இந்நேரம் அந்தமானைத் தாண்டியிருக்கலாமே என்று. வழியனுப்ப யாரும் வருவதில்லை. வந்தாலும் வாசலோடு சரி.

2016-ல் விமான நிலையத்துக்கு வந்த மெட்ரோவைக் கிளாம்பாக்கம் வரை நீட்டுவது பற்றிப் பல வருஷமாகப் பேசுகிறார்கள். பேசி முடிக்கட்டும். அதுவரை, ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம் பிடிக்கும் வண்டலூர்க்காரர்கள் காரை நம்பாதீர்கள். மின்சார ரயிலில் ஏறித் திரிசூலத்தில் இறங்குங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம்.