சைவ வீட்டுப் பூனை

எங்கள் ஆச்சி சுத்த சைவம். தென்காசி கோயிலுக்குத் தெற்கே இருந்த அந்த வளவு வீட்டில் முட்டைகூட நடை தாண்டாது. மாமிசம் என்று ஒன்று உள்ளே வந்திருந்தால் அது பூனையின் வாயில் வந்ததுதான். அதற்கு மட்டும் ஆச்சி முகம் சுளித்ததே கிடையாது. செத்த எலியோடு பூனை முற்றத்தைக் கடக்கும்போது, கும்பிட்டு முடித்த கையோடு அதைப் பார்த்து, “ராசாத்தி” என்பாள்.

காரணம் நெல். பிசானம் அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் மூட்டைகள் வந்து இறங்கும். பட்டாசாலையை ஒட்டிய இருட்டறையில் பத்தாயம். அறுத்த வயலில் தீனி தீர்ந்துபோன எலிகள் நெல்லுக்குப் பின்னாலேயே ஊருக்குள் வந்துவிடும். நாட்டு ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே ராத்திரி முழுக்க ஓட்டம் கேட்கும். பிறகு சட்டென்று ஒரு சத்தம், அதன்பின் ஒன்றுமில்லை. எலி, சுண்டெலி எல்லாம் பூனையின் கணக்கு. மூஞ்சூறைக் கொன்று போடும், நாற்றத்தால் தின்னாது. பெருச்சாளியைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும். விறகு அடுக்கின் மூலையையே பார்த்தபடி பூனை அசையாமல் உட்கார்ந்திருந்தால் பெரியவர்கள் கம்பும் விளக்குமாக வருவார்கள். அங்கே கட்டுவிரியன் இருக்கலாம்.

அதற்குக் கிடைத்த சம்பளம் காலையில் ஒரு கை பால்சோறு. நான் கூடக் கொஞ்சம் வைக்கப்போனால் ஆச்சி தடுப்பாள். “ஏல, நெறைய வைக்காத. வவுறு நெறஞ்சா அது எலியத் தேடுமா?”

ஊரே அப்படித்தான் நம்பியது. ஆனால் பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடுவதில்லை. தின்றுகொண்டிருக்கும் தட்டை விட்டு எழுந்து போய், எலியைப் பிடித்துக் கொன்றுவிட்டு, திரும்ப வந்து தட்டில் வாய் வைக்கும் பிராணி அது. அசைவதைக் கண்டால் பாய்வது அதன் உடம்பிலேயே இருக்கிறது. பால்சோற்றுக்கு இன்னொரு குறையும் உண்டு. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. மாமிசத்திலிருந்துதான் பெற வேண்டும். அது இல்லாத பூனைக்குக் கண் கெடும் என்று 1975-லும், இதயம் வீங்கித் தளரும் என்று 1987-லும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். ஆச்சி வீட்டுப் பூனைக்குக் கடைசிவரை கண் தெளிவாக இருந்தது. ஆச்சி கொடுத்த சோற்றில் இல்லாததை எலிகள் கொடுத்திருக்கின்றன.

இப்போது நான் இருப்பது மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவருடைய சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடித்தது இந்தப் பக்கத்து வயல்களில்தான். அந்த வயல்களில் பல இன்று மனைகள். என் வீட்டுக் கூரை கான்கிரீட். அரிசி கடையிலிருந்து பையில் வருகிறது. பத்தாயமும் இல்லை, மச்சும் இல்லை, எலி ஓட்டமும் இல்லை.

பூனை மட்டும் அதே பூனை. வெளியே விட்டால் அதற்குக் கிடைப்பவை ஓணான், அரணை, அணில், தரையில் கூட்டமாக மேயும் தவிட்டுக்குருவி, தாழ்ந்த செடியில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு, வால் இருக்கிறதோ இல்லையோ என்னுமளவு குட்டை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. இரவில் பறந்து வந்து, களைத்துப்போய் வீட்டுக் கொல்லைகளில் விழுந்து கிடக்கும். தெம்பு வந்ததும் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். விடியலிலும் அந்தியிலும் கூப்பிடும். பூனை வேட்டைக்குக் கிளம்புவதும் அந்த இரண்டு வேளையில்தான். ஓர் ஐப்பசிக் காலையில் எங்கள் தெருப் பூனை ஒன்றின் வாயில் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். வடக்கேயிருந்து வந்த பறவை ஒரு மதில் சுவரடியில் முடிந்துபோனது. அந்தக் காலத்திலும் இப்படிச் செத்திருக்கும். எலியைப் பார்த்து மகிழ்ந்த நாங்கள் குருவியைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் என் பூனை வீட்டுக்குள். நானும் சைவம்தான். ஆனாலும் தினமும் மீன் டப்பாவைத் திறந்து தட்டில் வைக்கிறேன். வேட்டையைப் பிடுங்கிக்கொண்டவன் அதற்கு ஈடான மாமிசத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆச்சி இருந்திருந்தால் இந்த வாடை அடுக்களைப் பக்கமே வந்திருக்காது.

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. மாமிசப் புரதம் நிறைந்த தீனி கொடுத்ததும் அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. பளிச்சென்ற வண்ணத் துணிப்பட்டை கழுத்தில் இருந்தபோது அவை கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. எல்லாரும் கட்டும் மணியால் சொல்லிக்கொள்ளும்படி பயன் இல்லை. வயிறு பற்றி ஆச்சி சொன்னதில் பாதி உண்மை என்றுதான் இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. குறை வயிற்றில் இருக்கவில்லை, தட்டில் இருந்தது.

பின்வாசல் திண்ணையை வலை அடித்து மூடியிருக்கிறேன். சாரல் காலத்தில் பூனை அங்கே உட்கார்ந்து காற்றை மோந்துகொண்டிருக்கும். அந்தியில் நூலில் கட்டிய இறகை இழுத்துக் காட்டுவேன். பதுங்கி, பின்காலை அசைத்து, பாய்ந்து, கடித்து உதறும் வரை நிறுத்த மாட்டேன். அது பாதியில் நின்றால் பூனைக்கு ஆறாது. அவ்வப்போது குப்பைமேனியை வேரோடு பிடுங்கி வந்து போடுவேன். அதில் முகத்தைத் தேய்த்துப் புரளும்.

பக்கத்து வீட்டு மதினிக்கு இது பிடிக்கவில்லை.

“ஏன் அண்ணாச்சி, அத இப்படி அடைச்சுப் போட்டிருக்கிய? பாவம்லா!”

“வெளிய விட்டா குத்தால சீசன் வண்டில அடிபடும், மதினி. இல்லன்னா எவனாவது மருந்து வச்ச எலியத் திங்கும், அதோட இதுவும் போயிரும்.”

“அப்ப என் பூனைய என்ன செய்ய? அது உள்ள நிக்காதே.”

வளர்ந்த பூனையை ஒரே நாளில் அடைக்க முடியாது. அவள் சொல்வது சரி. கருத்தடை செய்து, ஊசி போட்டு, ஐப்பசி முதல் பங்குனி வரை விடியலிலும் அந்தியிலும் மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்றாம் வீட்டிலும் நாலாம் வீட்டிலும் இதையே கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் சரி என்றார்கள், இன்னொரு வீட்டில் இன்னும் பதில் இல்லை. அடுத்த ஐப்பசிக்கு முன் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.