சட்டையும் மெய்க்காப்பாளனும்

கேள்வி: பெயிண்ட் அடித்த இரும்புக் குழாயில் சின்னக் கீறல் விழுந்தாலும் துரு பரவிவிடுகிறது. ஜி.ஐ. பைப்பில் அதே கீறல் விழுந்தால் ஒன்றும் ஆவதில்லையே, ஏன்?

பதில்: பெயிண்ட் வெறும் சட்டை. கிழிந்த இடத்தில் ஈரமும் காற்றும் புகுந்து, பெயிண்டுக்கு அடியிலேயே துரு ஊர ஆரம்பித்துவிடும். ஜி.ஐ. பைப்பின் மேலுள்ள துத்தநாகம் சட்டை மட்டுமல்ல, மெய்க்காப்பாளனும்கூட. சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் குழாயை முக்கி எடுக்கும்போது, இரண்டும் பிணைந்து ஒரு கலப்புலோக அடுக்கே உண்டாகிறது. அதன் பிறகு கீறல் விழுந்தால், இரும்பைவிடச் சீக்கிரம் அரிபடும் துத்தநாகம், ‘முதலில் என்னைத் தின்னு’ என்று முன்னால் வந்து நிற்கும். தான் கரைந்து இரும்பைக் காக்கும். எவ்வளவு பெரிய விசுவாசம்! பிரான்ஸின் சோரல், துத்தநாகத்தில் முக்கும் இந்த முறைக்கு 1837-இல் காப்புரிமை பெற்றார்.

மண்ணுக்கடியில் ஓடும் எண்ணெய்க் குழாய்களுக்கும் இதே இரட்டைக் காவல்தான்: மேலே எபாக்சிப் பூச்சு, பக்கத்தில் புதைத்த மக்னீசியக் கட்டி அல்லது சிறு மின்னோட்டம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது மரை. பிளம்பர் மரை வெட்டும்போது அந்த இடத்துத் துத்தநாகமும் சேர்ந்து சீவப்பட்டுவிடும். குழாய் பெரும்பாலும் இணைப்பில் முதலில் கசிவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே ஜிங்க் பெயிண்ட் பூசச் சொல்லுங்கள். செம்புக் குழாயை ஜி.ஐ.யோடு நேரடியாக இணைக்க விடாதீர்கள். துத்தநாகம் வேகமாகக் கரைந்துபோகும்.